நீருக்கேற்பத் திரும்பும் விசிறி

கடற்கரையை அண்டி வாழும் எங்களுக்குப் படகு புதுமையான பொருளல்ல. கரையில் இழுத்துவைத்த பைபர் படகுகளின் நிழலில் விளையாடித்தான் வளர்ந்தோம். ஆனால் எஞ்சினின் அடியில், தண்ணீருக்குள் மறைந்திருந்து அந்தப் படகை ஓட்டுகின்ற மூன்றிதழ் விசிறியைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கடந்த வருடம் கச்சான் காலத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவமே என்னை யோசிக்க வைத்தது. அதன் காரணத்தைத் தேடிப்போன வழியில் நான் கற்றுக்கொண்டவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

என் மாமா சிறு படகில் தொழில் செய்பவர். அவருடைய எஞ்சின் 25 குதிரைவலு உடையது. பெற்றோலில் தொடங்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் வகை. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பின்னர் விலை ஓரளவு குறைந்தாலும், அன்று தொடங்கிய எண்ணெய்க் கவலை எங்கள் மாமா வீட்டை விட்டுப் போகவில்லை. "இன்றைக்கு எத்தனை மீன்?" என்று கேட்ட மாமி, "இன்றைக்கு எத்தனை லீற்றர்?" என்று கேட்கத் தொடங்கினார்.

இந்த நிலையில்தான் யாரோ ஒருவர் மாமாவிடம், "விசிறியை மாற்றிப் பாருங்கள், கூடிய நம்பர் போட்டால் படகு பறக்கும், சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் எண்ணெய் மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார். மாமாவும் 11 என்று பொறிக்கப்பட்டிருந்த பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, 13 என்று பொறிக்கப்பட்ட விசிறியை வாங்கிப் பூட்டினார். முதல் சில நாட்கள் மகிழ்ச்சியாகவே போயின. அதிகாலையில் வெறும் படகு உண்மையிலேயே பறந்தது.

பிறகு ஒரு நாள் நல்ல மீன் கிடைத்தது. படகு பாரமாகத் திரும்பியது. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. காலையில் போகும்போது முதுகில் தள்ளுகின்ற அதே காற்று, பின்னேரம் கரைக்கு வரும்போது முகத்தில் அறையும். அன்று எஞ்சின் முழு வேகத்துக்கு ஏறவே இல்லையாம். முனகிக்கொண்டு கரும்புகையைக் கக்கியதாம். வழமையாக ஒரு மணித்தியாலத்தில் வருகிற தூரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எண்ணெயும் தீர்ந்து, வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது. மஃரிப் நேரம் வரை மாமி கரையிலேயே நின்றிருந்தார். நானும் அவரோடு நின்றேன். அந்த இரண்டு மணித்தியாலத்தில் மாமி என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிரவு மாமா முற்றத்தில் இரண்டு விசிறிகளையும் பழைய பத்திரிகைத் தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இதில 11, அதில 13 எண்டு போட்டிருக்கே, அது என்ன?"

"அது விசிறிட நம்பர் மகள். கூடின நம்பர் ஓட்டத்துக்கு. குறைஞ்ச நம்பர் இழுவைக்கு."

"ரெண்டுக்கும் சேர்த்து ஒண்டு இல்லையா?"

மாமா சிரித்தார். "இருந்தா எனக்கும் சொல்லுங்க."

அடுத்த நாள் எமது பௌதிகவியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர், "நல்ல கேள்வி. விடையை நான் சொல்லமாட்டேன், நீயே தேடு" என்றார். தேடினேன். விடை இருந்தது.

அந்த நம்பர் எதைக் குறிக்கிறது?

எமது ஆய்வுகூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சியைப் பயன்படுத்தாத மாணவி இருக்கமாட்டாள். அதன் தலையை ஒருமுறை முழுமையாகச் சுற்றினால் திருகு 0.5 மில்லிமீற்றர் முன்னேறும். இதையே புரியிடைத் தூரம் என்கிறோம். படகின் விசிறியும் ஒரு திருகுதான். முழுத் திருகிலிருந்து மூன்று துண்டுகளை வெட்டி ஒரு குடத்தைச் சுற்றிப் பொருத்தியது போன்றது அது. மாமாவின் விசிறியில் இருந்த 11 என்ற எண், அந்தத் திருகின் புரியிடை 11 அங்குலம் என்பதைக் காட்டுகிறது. அதாவது நீர் மரம்போலத் திண்மமாக இருந்தால், விசிறி ஒருமுறை சுற்ற, படகு 11 அங்குலம் முன்னேறும். 13 என்றால் 13 அங்குலம். இதழ் எவ்வளவு கூடுதலாகச் சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் புரியிடை கூடும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். விசிறி நிமிடத்துக்கு 2000 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். 11 அங்குலப் புரியிடையில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 559 மீற்றர், மணிக்கு 33½ கிலோமீற்றர் முன்னேற வேண்டும். 13 அங்குலத்தில் நிமிடத்துக்கு 660 மீற்றர், மணிக்கு 39½ கிலோமீற்றர். ஆனால் நீர் மரமல்ல, அது நழுவும். ஆகவே படகின் உண்மையான வேகம் எப்போதும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த வித்தியாசத்தை நழுவல் என்பார்கள். சிறிதளவு நழுவல் இருந்தே ஆகவேண்டும். இதழ் நீரைப் பின்னே தள்ளுவதால்தான் படகு முன்னே போகிறது என்பது நியூட்டனின் மூன்றாம் விதி.

கணக்கின்படி 13 நல்லதாகத்தானே தெரிகிறது? மாமா ஏமாந்த இடமும் இதுவே. "நிமிடத்துக்கு 2000 முறை சுற்றுகிறது என்று கொள்வோம்" என்று நான் எழுதினேன் அல்லவா? அப்படிச் சுற்றவைக்க எஞ்சினுக்கு வலு போதுமா என்பதே உண்மையான கேள்வி.

சைக்கிள் ஓட்டிய அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். கியர் உள்ள சைக்கிளில் சமதரையில் வேகமாகப் போக உதவும் கியரை வைத்துக்கொண்டே பாலத்தின் ஏற்றத்தில் ஏறினால் என்ன நடக்கும்? மிதி பாரமாகும், கால் மெதுவாகும், சைக்கிள் நின்றுவிடும். படகு எஞ்சினும் அப்படியே. அது தன் முழு வலுவையும் தருவது உயர்ந்த சுற்று வேகத்தில்தான். பாரமும் எதிர்க்காற்றும் சேரும்போது படகு மெதுவாகிறது. படகு மெதுவானால், சாய்வு கூடிய இதழ் நீரை வெட்டிப் போகாமல் அகலமாக மோதத் தொடங்குகிறது. எஞ்சின் அந்தப் பாரத்தைச் சுற்ற முடியாமல் வேகம் இழக்கிறது. வேகம் இழந்தால் வலுவும் குறைகிறது. எரிபொருள் முழுமையாக எரியாமல் புகையாகிறது. புரியிடையில் ஓர் அங்குலம் கூடினால் எஞ்சினின் உச்சச் சுற்று நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை குறையும் என்பது படகு வேலை செய்வோர் கைக்கொள்ளும் பொதுவான கணிப்பு. மாமா இரண்டு அங்குலம் கூட்டியிருந்தார்.

அப்படியானால் எப்போதும் 11 போதுமே? அதுவும் முழு விடையல்ல. வெறும் படகில், பின்காற்றில், சாய்வு குறைந்த விசிறி எளிதாகச் சுற்றிக்கொண்டே போகும். எஞ்சின் அலறும், அதன் அளவுக்கு மேற்பட்ட சுற்றுக்கும் போகும், படகின் வேகமோ அதற்கேற்பக் கூடாது. காலைப் பயணத்துக்கு ஒரு விசிறி, பின்னேரப் பயணத்துக்கு இன்னொரு விசிறி என்பதே நிலைமை. ஆனால் இரண்டும் ஒரே நாளில், ஒரே படகில், ஒரே எஞ்சினில் நிகழ்கின்றன. நடுக்கடலில் விசிறியை மாற்ற முடியுமா?

விசிறியின் பழைய கதை

இந்தச் சிக்கல் மாமாவுக்கு மட்டும் உரியதல்ல. விசிறி பிறந்த நாளிலிருந்தே அது கூடவே வந்திருக்கிறது.

ஒஸ்திரியாவைச் சேர்ந்த யோசெப் ரெசல் என்ற வன அதிகாரி 1827 இல் கப்பல் திருகுக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1829 இல் திரியெஸ்த் துறைமுகத்தில் அவரது கப்பல் ஓடிப் பார்க்கப்பட்டபோது, நீராவிக் குழாய் பழுதடைந்தது. மேலும் பரிசோதிக்க வேண்டாம் என்று பொலிசார் தடுத்துவிட்டார்கள். பழுதானது குழாயே தவிரத் திருகு அல்ல.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித் என்ற விவசாயி 1836 இல் ஆக்கவுரிமை பெற்றார். அவர் செய்த மரத் திருகு, நுண்மானியின் திருகைப்போல இரண்டு முழுச் சுற்றுக்கள் கொண்டது. 1837 இல் இலண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தபோது திருகின் பாதி உடைந்து போயிற்று. படகு நிற்கப்போகிறது என்று நினைத்தவர்களுக்கு வியப்பு! அது முன்னையிலும் வேகமாக ஓடியது. நீளமான திருகு தேவையில்லை, அகன்ற சில இதழ்களே போதும் என்று ஓர் உடைவு கற்பித்தது. 1845 இல் பிரித்தானியக் கடற்படை, விசிறி பூட்டிய ரட்லர் கப்பலையும் பக்கச் சக்கரம் பூட்டிய அலெக்டோ கப்பலையும் முதுகோடு முதுகாகக் கட்டி எதிரெதிரே இழுக்கவிட்டது. ரட்லர் அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

விசிறி வென்றது. ஆனால் அக்காலக் கப்பல்களுக்கு எஞ்சினோடு பாயும் இருந்தது. நிலக்கரி விலை கூடியது, எடுத்துச் செல்ல இடமும் வேண்டும். ஆகையால் காற்று இருக்கும்போது பாய் விரித்து ஓடினார்கள். அப்போது நின்றுபோன விசிறி, விரித்த கையைத் தண்ணீரில் வைத்ததுபோலக் கப்பலைப் பின்னுக்கு இழுத்தது. 1860 இல் நீரில் இறக்கப்பட்ட வொரியர் என்ற போர்க்கப்பலில் இதற்குச் செய்த தீர்வைப் பாருங்கள். பாய் விரிக்கும் வேளைகளில் 26 தொன் எடையுள்ள விசிறியைக் கயிறு கட்டிக் கப்பலுக்குள்ளே தூக்கிவிடுவார்கள். அதற்கு 600 பேர் தேவைப்பட்டார்கள். எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக மாமா பட்ட பாடு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நிலக்கரி மிச்சம் பிடிக்க 600 பேர் கயிறு இழுத்ததை வாசித்தபோது, இது எவ்வளவு பழைய கவலை என்று விளங்கியது.

உள்ளிருந்து திருப்புவது

இதழை விசிறிக் குடத்தோடு அசையாமல் வார்த்துவிடாமல், அது தன் அடியில் திரும்பக்கூடியதாகச் செய்தால் என்ன? இதுவே அடுத்த எண்ணம்.

இதில் பெரிய அடி எடுத்துவைத்தது கடல் அல்ல, நீர்மின் நிலையம். ஒஸ்திரியப் பொறியியலாளர் விக்டர் கப்லான் 1913 அளவில், ஆற்றின் நீர்வரத்துக்கேற்ப இதழ்களின் சாய்வை மாற்றக்கூடிய நீர்ச்சுழலியை வடிவமைத்தார். அவ்வகைச் சுழலிகளைச் செய்துவந்த சுவீடனின் கமேவா நிறுவனம், அதே எண்ணத்தைத் தலைகீழாக்கி 1937 இல் கப்பல் விசிறியாக்கியது. சுழலியில் நீர் இதழைச் சுற்றுகிறது, விசிறியில் இதழ் நீரைத் தள்ளுகிறது. பொறிமுறை ஒன்றே. உள்ளீடற்ற தண்டினூடே எண்ணெய் அமுக்கத்தை அனுப்பிக் குடத்துக்குள் இருக்கும் முசலத்தை நகர்த்தினால், எல்லா இதழ்களும் ஒன்றாகத் திரும்பும். கப்பலை ஓட்டுபவர் ஒரு கைபிடியை நகர்த்தினால் போதும். எஞ்சினை நிறுத்தாமலே முன்னும் பின்னும் போகலாம். இன்று பயணிகள் படகுகள், இழுவைக் கப்பல்கள் எனப் பலவற்றில் இம்முறை இருக்கிறது.

ஆனால் இதற்கு எண்ணெய்ப் பம்பி, வால்வுகள், துளையிட்ட தண்டு, சரியான சாய்வைத் தெரிந்து கைபிடியை நகர்த்தும் ஒரு மனிதர் ஆகிய அனைத்தும் வேண்டும். சிறு படகுக்கு இது பொருந்தாது.

நீரிடமே விட்டுவிடுவது

இங்கேதான் என்னை மிகவும் கவர்ந்த எண்ணம் வருகிறது. சாய்வு எவ்வளவு இருக்கவேண்டும் என்பது நீரின் தடையைப் பொறுத்தது. அந்தத் தடையை முதலில் உணர்வது யார்? ஓட்டுபவரா? இல்லை, இதழ். அப்படியானால் இதழே முடிவெடுக்கட்டுமே!

ஆகாய விமானத் துறையில் இந்த எண்ணம் முன்பே முயன்று பார்க்கப்பட்டிருந்தது. 1940களில் அமெரிக்காவில் சிறிய விமானங்களுக்காக ஏரோமெற்றிக் என்ற பெயரில் ஒரு விசிறி வெளிவந்தது. அதன் இதழ்களின் அடியில் சிறு எதிர்எடைகள் இருந்தன. விமானியின் கை படாமலே, எடைகளின் இழுவையும் காற்றின் தள்ளுகையும் ஒன்றையொன்று சமப்படுத்திச் சாய்வைத் தீர்மானித்தன. பின்னர், நீர்ச்சறுக்கு முதலிய விளையாட்டுக்களுக்கான வேகப் படகுகளுக்கும் தாமாகச் சாய்வு மாற்றும் விசிறிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

பாய்மரப் படகுகளுக்கென இவ்வெண்ணத்தை நிறைவாகச் செய்தது இங்கிலாந்தின் புருண்டன்ஸ் நிறுவனத்தின் ஓட்டோபுரொப் என்ற விசிறியாகும். அதற்கு முன்னரும் பாய்மரப் படகுகளுக்காக, மொட்டுப்போல மடியும் விசிறிகளும், இதழை ஓட்டத்தின் திசைக்குக் கத்திபோலத் திருப்பி நிறுத்தும் விசிறிகளும் இருந்தன. அவை பாய் விரித்து ஓடும்போது ஏற்படும் இழுவையை நீக்கின. ஆனால் எஞ்சின் ஓடும்போது அவற்றுக்கும் ஒரே சாய்வுதான். ஓட்டோபுரொப் இரண்டு சிக்கல்களையும் ஒன்றாகத் தீர்க்க முயன்றது.

அதன் மூன்று இதழ்களும் தத்தம் அச்சில் தாங்கிகளின்மேல் பூட்டப்பட்டு, முழு வட்டமாக, 360 பாகையும் தடையின்றிச் சுற்றக்கூடியவை. சுருள்வில் இல்லை. கம்பி இல்லை. எண்ணெய்க் குழாய் இல்லை. தண்டு சுற்றத் தொடங்கும்போது இதழின்மேல் இரண்டு விளைவுகள் தோன்றுகின்றன. ஒன்று, சுழற்சியினால் வெளிநோக்கி எறியப்படும் இழுவை. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றும்போது கையில் உணர்வோமே, அதுபோல. இதழின் எடை அதன் அச்சுக்கு விலகிப் பரவியிருப்பதால் இந்த இழுவை இதழைத் திருப்ப முனைகிறது. மற்றையது, இதழின் முகத்தில் நீர் தருகின்ற தள்ளுகை. அதுவும் இதழைத் திருப்ப முனைகிறது, ஆனால் எதிர்த்திசையில். இரண்டு திருப்பங்களும் சமமாகும் இடத்தில் இதழ் நிற்கிறது. நாம் பாடத்தில் படிக்கும் திருப்பங்களின் சமநிலைதான் இது. ஒரே வித்தியாசம், இங்கே நெம்புகோலுக்குப் பதில் கடல்நீரில் சுற்றும் ஓர் இதழ் இருக்கிறது.

இனி நிலைமை மாறட்டும். எதிர்க்காற்று வந்து படகு மெதுவானால் இதழின்மேல் நீரின் தள்ளுகை கூடும். சமநிலை குலையும். இதழ் சற்றுத் திரும்பிச் சாய்வைக் குறைத்துக்கொள்ளும். சைக்கிளில் நாம் ஏற்றத்துக்கு இலேசான கியர் போடுவதுபோல. எஞ்சின் தன் சுற்றைத் தக்கவைத்துக்கொள்ளும். காற்று பின்னிருந்து வந்து படகு விரைந்தால் நீரின் தள்ளுகை தணியும். இதழ் மறுபக்கம் திரும்பிச் சாய்வைக் கூட்டிக்கொள்ளும். குறைந்த சுற்றிலேயே படகு வேகமாகப் போகும். எஞ்சினை நிறுத்திப் பாய் விரித்தால், ஓடும் நீரே இதழ்களைத் தன் திசைக்குத் திருப்பிவிடும். அப்போது அவை மீன் வெட்டும் கத்தியின் விளிம்புபோலத் தண்ணீருக்கு முகம் காட்டாமல் நிற்கும்.

பின்னோக்கிப் போகும்போது நடப்பதுதான் இன்னும் அழகு. சாதாரண விசிறியின் இதழ் முன்னோக்கி ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டது. பின்னோக்கிச் சுற்றும்போது அதன் பின்விளிம்பு முன்னே வந்து, நீரைத் திறமையாகத் தள்ள முடியாமல் தடுமாறும். ஓட்டோபுரொப்பின் இதழோ முழுமையாகத் திரும்பி, அதே முன்விளிம்பினாலேயே நீரை வெட்டும். அதனால் பின்னோக்கியும் நல்ல விசை கிடைக்கும். துறைமுகத்தில் படகை நிறுத்தும்போது இது பெரிய உதவி.

உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுகள் சில வேளைகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் தரித்து நிற்கும். இனி அப்படியொன்றைக் கண்டால் பாயை மட்டும் பார்க்காதீர்கள். நீருக்குக் கீழே ஏதோ ஒருவகை மடியும் அல்லது திரும்பும் விசிறி இருக்கக்கூடும்.

அப்படியானால் ஏன் எல்லாப் படகிலும் இல்லை?

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் மாமா வீட்டுக்கு ஓடினேன். படம் வரைந்து காட்டினேன். மாமா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

"மணல் போனா என்ன நடக்கும் மகள்?"

"வலைத் துண்டு சுத்தினா?"

"இதழ் வளைஞ்சா ஆரு செய்து தாரது?"

மூன்றுக்கும் என்னிடம் நல்ல விடை இருக்கவில்லை. மீண்டும் தேடியபோது, மாமாவின் கேள்விகளே இந்த விசிறியின் உண்மையான எல்லைகள் என்று தெரிந்தது. தடையின்றித் திரும்பவேண்டிய இதழுக்குத் தாங்கிகள் வேண்டும். தாங்கிகளுக்கு உரிய காலத்தில் கிறீஸ் இடவேண்டும், தேய்ந்தால் மாற்றவேண்டும். எங்கள் படகுகளோ துறைமுகத்தில் மிதந்து நிற்பவையல்ல. ஒவ்வொரு நாளும் அலை உடையும் மணற்கரையில் ஏறி இறங்குபவை. இந்த விசிறி பெரும்பாலும் படகின் உள்ளே எஞ்சின் இருந்து தண்டு வெளியே வரும் படகுகளுக்காகச் செய்யப்பட்டது. விலையும் சாதாரண விசிறியின் விலையைப்போலப் பல மடங்கு. மாமாவின் விசிறி ஒரே வார்ப்பு. அசையும் பகுதி எதுவும் இல்லை. ஓரம் நெளிந்தால் பட்டறையில் தட்டி நிமிர்த்தித் தருவார்கள். அது எல்லா நிலைமைக்கும் பொருந்தாதது உண்மை. ஆனால் அது பழுதாகாமல் வீடு திரும்ப வைக்கும் என்பதும் உண்மை.

ஒரு கண்டுபிடிப்பு நல்லதா என்று கேட்பது போதாது, யாருக்கு, எந்தக் கரையில் என்றும் கேட்கவேண்டும் என்பதை நான் படித்தது பாடநூலில் அல்ல, மாமாவின் முற்றத்தில்.

நாங்கள் செய்தது

வாங்க முடியாத விசிறியைப் பற்றி வருந்திக்கொண்டிருப்பதைவிட, இருக்கிற இரண்டு விசிறிகளையும் சரியாகப் பயன்படுத்தலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு கிழித்தேன். திகதி, காற்று, எந்த விசிறி, போன தூரம், கொண்டுவந்த பாரம், செலவான லீற்றர். ஒவ்வொரு பின்னேரமும் மாமா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தொடக்கத்தில் மாமா விளையாட்டாகவே சொன்னார். இரண்டு கிழமைக்குப் பிறகு, நான் போகாத நாளில் அவரே எழுதி வைத்திருந்தார்.

இரண்டு மாதம் முடிந்தபோது கொப்பி தெளிவாகப் பேசியது. பாரமும் எதிர்க்காற்றும் உள்ள நாட்களில் 11 அங்குல விசிறியே குறைவாக எண்ணெய் எடுத்தது. காற்று அடங்கிய நாட்களில், பாரமின்றித் தூரம் ஓடும்போது மட்டும் 13 நன்றாக இருந்தது. "கூடின நம்பர் போட்டால் எண்ணெய் மிச்சம்" என்ற பேச்சு பாதிதான் உண்மை. இப்போது கச்சான் காலம் முழுவதும் மாமாவின் எஞ்சினில் 11 தான். 13 அங்குல விசிறி சாக்கில் சுற்றி வீட்டில் இருக்கிறது. மாமி இப்போதும் "எத்தனை லீற்றர்?" என்றுதான் கேட்கிறார். ஆனால் விடை வரும்போது கொப்பியையும் எட்டிப் பார்க்கிறார்.

சென்ற மாதம் மாமா கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, "அந்தத் தானாத் திரும்புற விசிறி நம்மட எஞ்சினுக்கு எப்ப வரும் மகள்?" என்று கேட்டார். முன்பு நான் கேட்டபோது சிரித்தவர், இப்போது சிரிக்காமலே கேட்டார்.

அன்புத் தோழியரே, இந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மணல் புகாத தாங்கி, வலை சிக்காத குடம், எங்கள் ஊர்ப் பட்டறையில் திருத்தக்கூடிய இதழ், ஒரு சிறு படகுக்காரர் வாங்கக்கூடிய விலை. இந்த நான்கும் சேர்ந்த விசிறிதான் எங்கள் கரைக்குத் தேவையானது. பாய்மரப் படகுக்காக யோசித்தவர்களுக்கு மணற்கரையைப் பற்றி யோசிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது. கணிதமும் பௌதிகமும் ஆண்பிள்ளைகளின் பாடம், கடலும் எஞ்சினும் ஆண்களின் வேலை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் படகு திரும்பி வரும்வரை கரையில் நிற்பவர்கள் நாங்களே. ஆகவே அது ஏன் தாமதமாகிறது என்று கேட்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு. பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வதும் இதுவே: உங்கள் மகள் எஞ்சினைக் கழற்றி வைத்திருக்கும் இடத்தில் வந்து நின்று ஏதாவது கேட்டால், "உனக்கெதற்கு இது?" என்று விரட்டாதீர்கள். என் மாமா விரட்டவில்லை. ஒரு கொப்பி நிறைந்தது. இரண்டாவது கொப்பி தொடங்கியிருக்கிறேன்.